ஆறாவது விரல்

கோவில்பட்டி,
14.11.2025

அன்புள்ள முத்து,

நலம். கண் எப்படி இருக்கிறது? புரையை எடுத்துப் பதினைந்து நாள் ஆகிவிட்டது என்று எழுதியிருந்தாய். கட்டு அவிழ்த்ததும் ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து, "வெள்ளை இம்புட்டு வெள்ளையா?" என்று நர்ஸிடம் கேட்டாயாமே. உன் மகன் போனில் சொல்லிச் சிரித்தான். அப்படியென்றால் கடைசி ஏழெட்டு வருஷம் நீ அடித்த வெள்ளையெல்லாம் என்ன நிறம் என்று எனக்கு ஒரு சந்தேகம். போகட்டும், காசு வாங்கியாகிவிட்டது.

இங்கே மூன்று நாளாக மழை. கடையில் ஆர்டர் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

போன கடிதத்தில் ஒரு போடு போட்டிருந்தாய். "பிளெக்ஸ் வந்தப்பவும் இப்படித்தான் ஒப்பாரி வச்சோம். செத்தா போயிட்டோம்? ஏஐயும் அப்படித்தான். போடா, போய் வேலையைப் பாரு." படித்துவிட்டு மடித்து வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். நீ சொன்னதில் பாதி சரி.

பிளெக்ஸ் வந்தபோது நாம் சாகவில்லைதான். துணி பேனரில் ஒரு முகம் முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆகும். மெஷின் அரைமணி நேரத்தில் துப்பியது. நீ மவுண்ட் ரோட்டில் சாரத்தை விட்டு இறங்கினாய். 2009-ல் மாநகராட்சி சுவர்களில் படம் வரையச் சொன்னபோது கொஞ்ச நாள் மறுபடி தூரிகை பிடித்தாய். நான் 2004-லேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப் போட்டு கோரல்டிராவும் போட்டோஷாப்பும் கற்றுக்கொண்டேன். கை போனது, கண் மிச்சம் இருந்தது. காதணி விழா பேனரில் தாய்மாமன் படம் எந்த அளவில் இருக்க வேண்டும், சித்தப்பாவை எந்த வரிசையில் போட்டால் மண்டபத்தில் சண்டை வராது என்பதெல்லாம் மெஷினுக்குத் தெரியாது. அதற்கு ஓர் ஆள் உட்கார வேண்டியிருந்தது. டிசைனுக்கு 300 ரூபாய், பிரிண்டுக்குத் தனி.

இப்போது போகிறது அந்த ஆளின் நாற்காலி. என் கடையில் ஒன்பது வருஷம் இருந்த கார்த்தியை உனக்குத் தெரியும், பல் கொஞ்சம் எடுப்பாக இருப்பானே. ஆனி மாதத்தோடு நின்றுவிட்டான். நான் நிறுத்தவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வருகிறவர்களெல்லாம் போனிலேயே ஏஐ வைத்துப் படத்தைச் செய்து எடுத்துவந்து "பிரிண்ட் மட்டும் போடுங்க" என்றால் அவனுக்கு நான் என்ன வேலை கொடுப்பது? சம்பளத்தைப் பாதியாக்கினேன். ஒரு மாதம் பார்த்தான். இப்போது பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். தெருவில் பார்த்தால் "வணக்கம்ணாச்சி" என்கிறான். எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒரு வருஷம் வரைக்கும் தமிழ் என்னைக் காப்பாற்றியது. அந்தப் படங்களில் எழுத்து வரும் பார், தமிழ் மாதிரி இருக்கும், தமிழ் இருக்காது. 'பூப்புனித நீராட்டு விழா' என்று கேட்டால் கொம்பும் சுழியுமாக ஏதோ ஒன்று வரும், ஜிலேபிக் கடையில் கைதவறிய மாதிரி. எழுத்தை அழித்துவிட்டு நான் போட்டுக் கொடுப்பேன். அதற்கு ஐம்பது ரூபாய். இந்த வருஷம் அதுவும் திருந்திக்கொண்டு வருகிறது.

உன்னிடம் சொல்ல நினைத்தது வேறு விஷயம். போன மாதம் ஒருவன் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி பேனருக்கு வந்தான். அவனுடைய அப்பாவை எனக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. சின்ன வயசில் தீக்குச்சி மருந்து பற்றிக்கொண்டதில் இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்ட மாதிரி இரண்டாக இருக்கும். சிரிக்கும்போது அந்த இடம் மட்டும் ஏறாது. மகன் போனில் ஒரு படம் வைத்திருந்தான். அப்பா பட்டு வேட்டியில் உட்கார்ந்து, அவர் செத்து நாலு மாதம் கழித்துப் பிறந்த பேரனை மடியில் வைத்திருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், படம் அருமை. வேட்டி மடிப்பில் வெளிச்சம் விழுவது, பிள்ளையின் கை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்திருப்பது, என்னால் இப்படி ஆகாது. ஆனால் புருவம் முழுசாக இருந்தது. பழைய போட்டோவில் ஏதோ கீறல் என்று நினைத்து அதுவே சரிபண்ணியிருக்கும்.

நான் இரண்டு நிமிஷத்தில் வெட்டைத் திருப்பி வைத்தேன். அவன் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அதை எடுத்துருங்க, அப்பா முகம் பளிச்சுனு இருக்கட்டும்" என்றான். பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தேன். அந்தம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லா இருக்காக" என்று மட்டும் சொன்னார்கள். கண் கலங்கியிருந்தது. எடுத்துவிட்டேன். ஆறுக்கு நாலு, 24 சதுர அடி, 288 ரூபாய்.

கூட வாழ்ந்தவர்களுக்கு வேண்டாத புருவம் எனக்கு எதற்கு? அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

நாமும் அழகுபடுத்தியவர்கள்தான். "செத்தவரை அஞ்சு வயசு குறைச்சுப் போடு" என்பதுதானே நம் வாத்தியார் அண்ணாச்சி நமக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஆனால் மச்சத்தை விட்டுவிட்டால் கூலியில் பிடிப்பார். எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு கணக்கு அவர் மனசில் இருந்தது. அதை அவர் வாயால் சொன்னதே இல்லை. அடி வாங்கித்தான் தெரிந்துகொண்டோம்.

அடி என்றதும் உன் ஆறாவது விரல் ஞாபகம் வருகிறது. இந்த ஏஐ படங்களில் ஆறு விரல் வருகிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரே சிரித்தது. எனக்கு 1989 தேர்தல்தான் ஞாபகம் வந்தது. முப்பதடி கட்அவுட். முகம் அண்ணாச்சி, உடம்பு நான், கால் நீ. கட்டம் போட்டுத் தனித்தனிப் பலகையில் வரைந்ததால் யாரும் கவனிக்கவில்லை. நிமிர்த்தி நட்டபிறகு கீழே டீ குடித்துக்கொண்டிருந்த கட்சிக்காரர் ஒருவர் எண்ணிவிட்டார், வலது காலில் ஆறு. அண்ணாச்சி ஸ்கேலாலேயே முதுகில் வைத்தார். தலைவர் வர மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. நீ அரிக்கேன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு சாரம் ஏறி, ஆறாவது விரலைச் செருப்பு வாராக மாற்றிவிட்டு இறங்கினாய். மற்ற காலுக்கும் செருப்பு போட வேண்டியதாயிற்று. "தலைவருக்குச் செருப்பு நல்லா இருக்கே" என்று அதே கட்சிக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு நீ வரைந்த கால்களை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். நடுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு பயம் தெரியும்.

மெஷினும் ஆறு விரல் போட்டது. அடுத்த வருஷம் அஞ்சாகிவிட்டது. யார் முதுகிலும் ஸ்கேல் விழவில்லை, செருப்பும் பிறக்கவில்லை.

"நாமளும் காப்பியடிச்சுத்தானே கத்துக்கிட்டோம்" என்று நீ கேட்டதற்கும் என்னால் மறுப்புச் சொல்ல முடியாது. நாடகத்துக்குச் சீன் திரை வரைய வந்து நம்ம ஊரிலேயே தங்கிவிட்ட கொண்டையராஜு 1976-ல் போய்ச் சேர்ந்தார். நாம் தூரிகை பிடிக்கும் முன்பே. சிவகாசியில் அச்சான அவருடைய காலண்டர் லட்சுமியின் மேல் எண்ணெய்த்தாளை வைத்து நீயும் நானும் எத்தனை முறை கோடு இழுத்திருப்போம்! அவரிடம் கேட்டா செய்தோம்? ஆனால் மூணு வருஷம் இழுத்தும் உன் லட்சுமி உன் அத்தை மாதிரியேதான் இருந்தாள். அந்தத் தப்பில்தான் உன் கை வந்தது. இப்போது எந்தத் தாளையும் யாரும் இழுக்க வேண்டியதில்லை. "பழைய சிவகாசி காலண்டர் மாதிரி" என்று நாலு வார்த்தை போதும். ராஜுவும் அவர் சீடர்களும் அதற்குள் எங்கோ கரைந்திருக்கிறார்கள், பெயர் இல்லாமல்.

கேட்டுச் செய்வதற்கும் கேட்காமல் செய்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது, இல்லையா? 2024-ல் ரகுமான் ஒரு பாட்டில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏஐ வைத்துக் கொண்டுவந்தார். குடும்பத்திடம் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, கொஞ்சம் கலங்கினேன், அவ்வளவுதான். ஆனால் போன ஆகஸ்ட்டில் 'அம்பிகாபதி'யின் முடிவை ஏஐ வைத்து மாற்றி மறுபடி வெளியிட்டார்களே. எடுத்த டைரக்டரும் வேண்டாம் என்கிறார், நடித்த தனுஷும் வேண்டாம் என்கிறார், செத்த ஹீரோ எழுந்துவிட்டான். உரிமை கம்பெனியிடம் இருக்கிறதாம். நம் பேனர்க்காரர்களுக்கு உரிமை என்ற வார்த்தையே தெரியாது என்பதால் எனக்கு அதில் கருத்துச் சொல்லத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

என் மகள் ஒரு செய்தி சொன்னாள். அமெரிக்காவில் புத்தகம் எழுதியவர்கள் வழக்குப் போட்டு, ஆந்த்ரோபிக் என்ற ஏஐ கம்பெனி 150 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. கள்ளத்தனமாக இணையத்தில் கிடந்த புத்தகங்களை இறக்கி வைத்துக்கொண்டதற்காக. ஒரு புத்தகத்துக்கு ஏறத்தாழ 3,000 டாலர். நான் தீப்பெட்டி லேபிளுக்கு வரைந்த மயிலை நினைத்துக்கொண்டேன். மயில் ஒன்றுக்குப் பதினஞ்சு ரூபாய். அதில் என் பெயரும் இல்லை, யார் வரைந்தது என்று நிரூபிக்க உன்னைத் தவிர சாட்சியும் இல்லை.

உன் 'போடா'வுக்கு இதுதான் பதில். நல்ல படம் வராது என்று நான் பயப்படவில்லை. வரும், நம்மைவிட நன்றாகவே வரும். பெரிய ஓவியர்களும் எப்படியாவது பிழைத்துக்கொள்வார்கள். எனக்குக் கவலை ரொப்புகிற பையன்களைப் பற்றி. 1984 தேர்தலுக்கு அண்ணாச்சி சுவர் சுவராக அவுட்லைன் போட்டுக்கொண்டே போவார், பின்னால் நாம் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுத்துக்குள் ரொப்பிக்கொண்டே போவோம். எத்தனை 'ழ' ரொப்பியபிறகு நமக்கு ஒரு 'ழ' போடத் தெரிந்தது! அந்த வேலை கேவலமான வேலைதான், ஆனால் சாப்பாடு போட்டுக்கொண்டே கற்றுக்கொடுத்தது. கார்த்தியும் அப்படித்தான், ஆயிரம் நினைவஞ்சலி செய்து செய்து போன வருஷம்தான் அவன் கையில் ஏதோ ஒன்று வர ஆரம்பித்திருந்தது. நான் கவனித்தேன். அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சரி, ஒரு வேலை இருக்கிறது. மெயின் ரோட்டில் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், பிளெக்ஸ் ரெண்டு வெயிலுக்கு வெளுத்துப்போகிறது, தகரத்தில் எனாமலில் எழுதிக் கொடுங்கள் என்கிறார். பன்னிரண்டடி நீளம். கார்த்தியைக் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை என்றால் வருகிறேன் என்றான். எழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கீழே ஒரு ஓரத்தில் அவருக்குச் செண்பகவல்லி அம்மன் வேண்டுமாம், பாதம் தெரிய.

தை பிறந்ததும் வா. கண்ணுக்கு டாக்டர் வெயில் கண்ணாடி கொடுத்திருப்பார், அதைப் போட்டுக்கொண்டே வா. வரும்போது உன் பழைய பையில் அணில் முடித் தூரிகை ஒன்றிரண்டு மிச்சம் இருந்தால் எடுத்து வா, இங்கே இப்போது கிடைப்பதில்லை. தகரத்தில் நேர்கோடு போட நீலப்பொடியும் நூலும் வாங்கி வைத்திருக்கிறேன். பன்னிரண்டடிக்கு நான் ஒரு முனையைப் பிடித்தால், மறுமுனைக்கு ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
மாரியப்பன்