நாசிக்குக்கு எந்த மாதம் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நாசிக் பயணக் கட்டுரையைப் படித்தேன். ஒயின் ஆலைக்குப் போனதைத் தமிழில் எழுதுகிறவர்கள் முதல் இரண்டு பத்தியை மன்னிப்புக் கேட்பதிலேயே செலவழிப்பார்கள். உங்கள் கட்டுரையாளர் அப்படிச் செய்யாதது பிடித்திருந்தது. ஆனால் மழைக்காலத்தில் போனால் காலையில் பக்கத்து ஹரிஹர் மலைக்கோட்டை ஏறிவிட்டு, மாலையில் பழம் தொங்கும் தோட்டத்தில் உட்கார்ந்து ஒயின் ருசிக்கலாம் என்று அவர் சொல்வதை நம்பி யாராவது டிக்கெட் போட்டுவிடுவார்களோ என்றுதான் எழுதுகிறேன். ஜூலையில் நாசிக்கில் பழம் தொங்காது. ஜூலையில் அந்தக் கோட்டையில் ஏறுவதும் புத்திசாலித்தனமல்ல.

தேனிப் பக்கம் போய்வந்தவர்களுக்கு முதலாவதை நம்பக் கடினமாக இருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வழியாக எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு பந்தலில் பன்னீர் திராட்சை இருக்கும். ஒரு தோட்டத்தில் கொடியை வெட்டிக் கவாத்து செய்யும்போது பக்கத்துத் தோட்டத்தில் அறுவடை நடக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழத்தின் பெருமையே அதுதான். நாசிக் வேறு மாதிரி. அங்கே ஆண்டுக்கு இரண்டு கவாத்து, ஒரே அறுவடை. ஏப்ரலில் கொடியை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். அதன்பின் வரும் தளிர், வெயிலிலும் மழையிலும் வளர்ந்து முற்றி, அடுத்த காய்ப்புக்கான மொட்டை உள்ளுக்குள் உருவாக்கிக்கொள்கிறது. செப்டம்பர், அக்டோபரில் மழை ஓயும்போது இரண்டாவது கவாத்து. பூவும் பிஞ்சும் அதற்குப் பிறகுதான். பனிக்காலத்து இரவுக் குளிர் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுகிறது, பகல் வெயில் இனிப்பை ஏற்றுகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பறிப்பு.

ஆகவே ஜூலையில் போகிறவர் பார்ப்பது இலை. பச்சைப் பசேலென்று இருக்கும், படம் எடுக்க நன்றாகத்தான் இருக்கும். விவசாயிக்கோ அது அடிச்சாம்பல் நோயோடு மல்லுக்கட்டும் காலம். ஆலையைச் சுற்றிக் காட்டுவார்கள், எஃகுத் தொட்டிகளைக் காட்டுவார்கள், ருசிக்கவும் ஊற்றுவார்கள். அதெல்லாம் வருடம் முழுக்க உண்டு. பிப்ரவரியில் போனால்தான், வெயில் ஏறுமுன் பறித்த பழம் பெட்டி பெட்டியாக வந்து இறங்குவதையும் நசுங்குவதையும் பார்க்க முடியும், சாறு நொதிக்கும் வாடையும் மூக்கில் ஏறும். அப்போது அனுமதி கேட்டு ஒயின் திராட்சை ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். சின்னதாக, தடித்த தோலும் விதையுமாக, கடையில் வாங்கும் விதையில்லாப் பச்சைத் திராட்சையைவிட அதிக இனிப்பாக இருக்கும்.

நாசிக், ஒயின் வருவதற்கு முன்பே, சாப்பிடும் திராட்சைக்குப் பேர்போன ஊர். ராஜீவ் சாமந்த் செனின் பிளாங்க், சாவிஞ்ஞான் பிளாங்க் என்ற ஒயின் திராட்சைக் கொடிகளை நட்டுப் பார்த்து, 1999-இல் சுலா ஒயின் ஆலையைத் தொடங்கினார். மகாராஷ்டிர அரசு 2001-இல் ஒயினுக்கென்று கொள்கை வகுத்து வரிச்சலுகை கொடுத்தபின் மற்றவர்களும் வந்தார்கள். 2005-இல் சுலா தன் ருசிக்கூடத்தைத் திறந்தது. திரியம்பகேஷ்வருக்கும் பஞ்சவடிக்கும் மட்டும் வந்துகொண்டிருந்த கூட்டத்தோடு வேறொரு கூட்டமும் சேர்ந்துகொண்டது. குடிக்காதவர்கள் தயங்க வேண்டியதில்லை. என் மாமியார் கங்காபூர் அணையின் நீர்ப்பரப்பைப் பார்த்தபடி எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு, பில் தொகையைப் பற்றி மட்டுமே குறைபட்டுக்கொண்டார்.

இனி மலைக்கு வருகிறேன். ஹரிஹரின் புகழே அதன் படிகள்தான். பாறையில் ஏணிபோல் செங்குத்தாக வெட்டியவை. பிடித்துக்கொள்ள ஓரங்களில் குழி செதுக்கியிருக்கிறார்கள். 1818-இல் இந்தப் பக்கத்துக் கோட்டைகளைப் பிடித்த ஆங்கிலேயர் பலவற்றின் படிகளைத் தகர்த்தார்கள், இவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள் என்று சொல்வதுண்டு. ஏறும்போது பயம் தெரியாது. இறங்கும்போது பாறையைப் பார்த்துத் திரும்பி நின்று, காலால் துழாவிப் படியைக் கண்டுபிடிக்க வேண்டும். மழையில் பாசி படிந்த கல்லில், மேலே ஏறுகிறவர்களுக்கும் கீழே இறங்குகிறவர்களுக்கும் அதே ஒற்றை வழிதான் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். மழைக்கால விடுமுறை நாட்களில் அங்கே படியில் பாதியில் நின்று காத்திருக்கும் வரிசையைக் கட்டுரையாளர் பார்த்திருந்தால், 'சாகசம்' என்று இவ்வளவு உற்சாகமாக எழுதியிருக்கமாட்டார். 1,646 மீட்டர் உயரமுள்ள கல்சுபாய் சிகரத்தின் இரும்பு ஏணிகளும் நனைந்தால் வழுக்கும்.

மழைக்காலமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இகத்புரி மலைச்சரிவில் அருவிகள் இறங்குவதைக் கீழே நின்று பார்க்க அதைவிட நல்ல காலம் கிடையாது. அஞ்சனேரி மலையின் பெயரையே பெற்ற செரோபீஜியா அஞ்சனேரிக்கா என்ற செடி பூப்பதும் அப்போதுதான். ஏறத்தான் வேண்டுமென்றால் அக்டோபர் கடைசியும் நவம்பரும் சரி. புல் இன்னும் காயாது, பாறை காய்ந்துவிடும். அஞ்சனேரியில் பிணந்தின்னிக் கழுகுகளையும் பார்க்கலாம்.

இரண்டையும் ஒரே நாளில் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வியர்த்து ஏறி இறங்கிய உடம்பில் நான்கைந்து வகை ஒயினை ஊற்றிக்கொண்டு, இருட்டில் கசாரா மலைப்பாதையில் மும்பைக்கு வண்டி ஓட்டுவதைச் சாகசத்தில் சேர்க்க முடியாது. அங்கேயே தங்குங்கள், இல்லையென்றால் குடிக்காத ஓட்டுநரோடு போங்கள்.

பிப்ரவரியில் போகிறவர்களுக்கு வெளியே சுற்ற வேறொரு நல்ல இடம் இருக்கிறது: நாந்தூர் மத்மேஷ்வர். கோதாவரியும் காத்வாவும் சேரும் இடத்தில் அணையின் பின்னே தேங்கிய நீர். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் மகாராஷ்டிரத்திலிருந்து முதலில் சேர்ந்தது இதுதான். குளிர்காலப் பறவைகள் அப்போது அங்கே இருக்கும். விடியற்காலையில் பறவை பார்த்துவிட்டு, நிபாட் வட்டாரத் திராட்சைத் தோட்டங்களின் வழியாகத் திரும்பி, மதியத்துக்கு மேல் ஆலைக்குப் போகலாம். கட்டுரையில் இந்த இடத்தின் பெயரே வரவில்லை.

சென்னையிலிருந்து மும்பை வரும் ரயில்கள் புணே வழியாக வருபவை, நாசிக்கைத் தொடாது. கல்யாணிலோ மும்பையிலோ மாறிப் போகலாம். ஜனவரி 26 மகாராஷ்டிரத்தில் மதுவிலக்கு நாள். அந்த நீண்ட விடுமுறையைக் கணக்குப் போட்டு வருகிறவர்கள் அன்றைக்குக் கொடியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

அடுத்த இதழில் மாதத்தைத் திருத்தி இரண்டு வரி போட்டால் உதவியாக இருக்கும். அறுவடைக் காலத்துக்கு அறை பதிவு செய்ய நினைக்கும் வாசகர்கள் வார நாளாகப் பார்த்துக்கொள்ளட்டும். சனி ஞாயிறில் நாங்கள் மும்பைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்போம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முலுண்ட், மும்பை