சம்பளப் பிடித்தமும் அரசு மருத்துவமனையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் சம்பளக் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன் நான். மாதந்தோறும் யு.ஐ.எஃப். எனப்படும் வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்குக் கட்டுகிறோமே, அந்தப் பணத்தில்தானே அரசு மருத்துவமனை நடக்கிறது என்று இன்றும் சாட்ஸ்வொர்த்தில் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அது தவறான எண்ணம். தொழிலாளியிடம் 1 சதவீதமும் முதலாளியிடம் 1 சதவீதமுமாகப் பெறப்படும் அந்தத் தொகை, வேலை இழந்தவருக்கும், நோயால் வேலைக்கு வர இயலாதவருக்கும், பேறுகால விடுப்பில் இருப்பவருக்கும் ஊதியத்தின் ஒரு பகுதியை ஈடுசெய்வதற்கானது. மருத்துவரின் சம்பளமோ மருந்தின் விலையோ அதிலிருந்து வருவதில்லை. வேலையிடத்தில் காயம்பட்டவரின் சிகிச்சைக்கென்று தனி நிதி உண்டு என்றாலும், அதற்கு முதலாளி மட்டுமே பணம் கட்டுகிறார்.

ஆர். கே. கான் போன்ற மாகாண மருத்துவமனைகளுக்குப் பணம் வரும் வழி வேறு. சம்பளத்தில் பிடிக்கப்படும் வருமான வரி, கடையில் நாம் செலுத்தும் 15 சதவீத வாட் வரி, நிறுவன வரி ஆகியவையெல்லாம் தேசிய வருவாய் நிதியில் ஒன்றாகக் கலந்து, அங்கிருந்து குவாசுலு-நட்டால் மாகாணத்துக்குரிய பங்காகப் பிரிந்து, அதன் பிறகே சுகாதாரத் துறைக்கு ஒதுக்கப்படுகின்றன. ஆகவே, சம்பளமே இல்லாத கிழவி ஒரு கட்டி சோப்புக்குக் கொடுக்கும் வரியிலும் மருத்துவமனைக்கு ஒரு பங்கு இருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம், 2024 மே 15 அன்று குடியரசுத் தலைவர் ரமபோசா கையெழுத்திட்ட தேசியச் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம். அதன் 49-ஆம் பிரிவு, நிதி மசோதா ஒன்றின் வழியாக, தொழிலாளியும் முதலாளியும் செலுத்தும் சம்பள வரிக்கு இடமளிக்கிறது. எல்லோருக்கும் பொதுவான மருத்துவம் என்ற நோக்கத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். என் கவலை வரியின் அமைப்பைப் பற்றியது.

2025-26 வரி ஆண்டில் 65 வயதுக்குட்பட்ட ஒருவரின் ஆண்டு வருமானம் 95,750 ராண்டைத் தாண்டாவிட்டால் அவருக்கு வருமான வரி இல்லை. மாதம் 7,000 ராண்ட் வாங்கும் தையல் தொழிலாளி அந்த வரம்புக்குள் வருகிறார், ஆனால் யு.ஐ.எஃப். மட்டும் 70 ராண்ட் கட்டுகிறார். மறுபுறம், அந்தப் பிடித்தம் மாதச் சம்பளத்தில் முதல் 17,712 ராண்டோடு நின்றுவிடுவதால், அதைப்போல் ஐந்து மடங்கு வாங்கும் மேலாளருக்கு அது 0.2 சதவீதமாகச் சுருங்குகிறது. புதிய வரியும் இதே அச்சில் வார்க்கப்பட்டால், இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே தொகை விதித்த, ஒப்பந்தக் கூலிக்காலம் முடித்த இந்தியர்கள் மீது அந்நாளில் நட்டாலில் போடப்பட்ட பழைய மூன்று பவுன் வரியைத்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

முதலாளி பங்கு முதலாளியின் பையிலிருந்தே போகிறது என்பதையும் நான் முழுதாக நம்புவதில்லை. ஊதியப் பேச்சுவார்த்தைக்கு முன்பு, அத்தகைய கட்டணங்களையெல்லாம் கூட்டி, ஒரு தொழிலாளிக்கு ஆகும் மொத்தச் செலவைக் கணக்கிட்டு மேசையில் வைத்தவன் நானே.

எனவே, மசோதா வரும்போது வருமான வரிக்குள்ள விலக்கு வரம்பு இதற்கும் பொருந்த வேண்டும், மேல் உச்சவரம்பு கூடாது, பிடிக்கும் தொகை சம்பளச் சீட்டில் தனிப் பதிவாகத் தெரிய வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் இப்போதே வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சம்பளக் கணக்கர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்