வலது பக்கத்து மூன்றாவது ஜன்னல்

நீரோடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மக்கா,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, கேட்டுக்கொள்கிறேன். கொச்சியில் எல்லாரும் சுகம்தானே? மதினிக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மா நன்றாக இருக்கிறாள், உன்னை விசாரிக்காத நாளில்லை.

சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவின் நோட்டு நனைந்துவிட்டது. போன துலாவர்ஷத்தில், அந்த ஐப்பசி மழையில், வந்து படகில் படுத்தாயே, அப்போது தலைமாட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். வலது பக்கத்து மூன்றாவது ஜன்னலுக்கு நேர் கீழே. பொங்கல் கழிந்துதான் என் கண்ணில் பட்டது. அட்டை உப்பி, தாளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. தாளுக்குத் தாள் டிஷ்யூ வைத்து, ஃபேனுக்கு அடியில் பதினைந்து நாள் காயவைத்தேன். பால்பாயிண்டில் எழுதியது அப்படியே இருக்கிறது. மைப்பேனாவில் எழுதிய பக்கங்கள்தான் கரைந்துவிட்டன. மலையையும் மாதா கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் பிடித்து, மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டான பார் கிடக்கும் இடம் கண்டுபிடிக்கிற கணக்கெல்லாம் அதில்தான் இருந்தது. உன்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன்.

நோட்டைக் காயப்போட்ட அன்றே அந்த ஜன்னலைக் கழற்றினேன். மூன்று வருடம் அதோடு மல்லுக்கட்டியது உனக்குத் தெரியும். ஒழுகும்போதெல்லாம் ரப்பரைக் குற்றம் சொல்லி, பிடியை இன்னும் ஒரு சுற்று இறுக்குவோம். அந்த இறுக்கலே கெடுதல், மக்கா. நசுங்கிய ரப்பர் திரும்ப எழும்பாது. பிளாஸ்டிக் சட்டமும் பிடி இருக்கிற இடத்தில் வளைந்து, இரண்டு பிடிக்கும் நடுவில் இடைவெளி விட்டுவிடும். சட்டத்தின் விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து, ஜன்னலை மூடித் திறந்து பார்த்தேன். கீழ்ப்பக்கம் நான்கு விரல் நீளத்துக்கு ரப்பரில் வெள்ளைக்கோடே விழவில்லை. சரி, புது ரப்பர் போட்டேன். முனைகளை நேராக வெட்டி, இணைப்பு மேல்பக்கம் வரும்படி ஒட்டினேன். தண்ணீர் தேங்குகிற கீழ்விளிம்பில் இணைப்பு வரக்கூடாது.

அப்புறமும் ஒழுகியது.

தம்பியை ஹோஸோடு வெளியே நிறுத்திவிட்டு நான் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்தேன். கீழிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் தண்ணீர் பிடித்து மேலே போகச் சொன்னேன். மேலிருந்து ஊற்றினால் எல்லாம் சேர்ந்து நனைந்துவிடும், எது ஒழுகுகிறதென்று தெரியாது. ரப்பர் பக்கம் ஒரு சொட்டு இல்லை. சட்டத்துக்கும் படகின் சுவருக்கும் நடுவில் புகுந்து, கீழ் மூலை போல்ட் ஓட்டை வழியாக வந்தது தண்ணீர். பாளையங்கோட்டை சோப்புக் கதைதான், நாம் தேடினது ஓரிடம், இருந்தது வேறிடம்.

சட்டத்தைப் பெயர்த்தால் உள்ளே சிலிக்கான் மேல் சிலிக்கான். பழைய உடைமஸ்தன் பூசியது, அதன் மேல் நான் பூசியது. பூசினால் போதும் என்று எனக்குச் சொன்ன ஆள்மேல் இன்றும் கோபம் தீரவில்லை. அதன் படலம் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அடுத்துப் பூசுவது எதுவும் பிடிக்காது. அதை விட மோசம் சுவரின் நடுவில் இருந்தது. இரண்டு ஃபைபர் தகட்டுக்கு இடையில் பால்சா கட்டை வைத்திருக்கிறார்கள் அல்லவா, ஸ்க்ரூடிரைவரால் குத்தியதும் அழுகிய மரச்சீனி மாதிரி கையோடு வந்தது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

கெட்டதை முழுக்கச் சுரண்டி, பல்பு எரியவிட்டு மூன்று வாரம் உலர்த்தி, பள்ளத்தைக் கெட்டியான எபாக்ஸியால் நிரப்பினேன். இனி ஓட்டையில் தண்ணீர் புகுந்தாலும் மரத்தைத் தொடாது. சட்டத்தைப் பியூட்டில் டேப்பில், பிசின் மாதிரி ஒட்டுகிற ரப்பர் பட்டையில், உட்காரவைத்தேன். ஒவ்வொரு போல்ட் ஓட்டையின் வாயையும் கொஞ்சம் அகட்டி, டேப் அதில் வளையமாக அமரும்படி செய்தேன். ஒரே நாளில் முறுக்கவில்லை. தினமும் காலையில் கால் சுற்று, பிதுங்கியதைச் சீவிவிடுவது, இப்படி ஒரு வாரம். நீ சொன்ன பாலிசல்பைடு அடைப்புப் பசையைத் தொடவில்லை. அது பலகைக்கு நல்லது, ஆனால் ஜன்னல் கண்ணாடியாகப் போட்டிருக்கிற அக்ரிலிக்கைத் தின்றுவிடும். அசிட்டோன் துணியும் கண்ணாடிப் பக்கம் போகக்கூடாது, நுண்வெடிப்பு விழும். இதில் என்னோடு வாதாடாதே, நீ வாதாடிக் கெடுத்த பம்பு இன்னும் இங்கேதான் கிடக்கிறது!

போன வாரக் கோடை மழைக்கு உள்ளே போய் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் அடித்துப் பெய்தது. அலமாரியில் விரித்த செய்தித்தாளில் ஒரு புள்ளி ஈரம் இல்லை. 2023-இல் அபிலாஷ் டோமி உலகைச் சுற்றிவந்து கோல்டன் குளோப் பாய்மரப் படகுப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த நாள் நினைவிருக்கிறதா? 1988-க்கு முன்னால் வடிவமைத்த படகுகளுக்கு மட்டும்தான் அந்தப் பந்தயம் என்று நீ விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்தாய். நம்முடையதும் அந்தக் காலத்ததுதான். அது எங்கெல்லாம் போகும் என்று அன்று போட்ட கணக்கு மழைச் சத்தத்தோடு திரும்ப வந்தது.

இன்னும் ஐந்து ஜன்னல் பாக்கி. இடவப்பாதி மழை தொடங்குவதற்குள் முடிக்க வேண்டும், தனியாக முடியாது. வரும்போது ஸ்பாஞ்ச் ரப்பர் கயிறு, பத்து மில்லிமீட்டர் கனத்தில், பன்னிரண்டு மீட்டர் வாங்கிவா. இங்கே கிடைப்பது ஒரு வெயிலுக்கே பிளந்துவிடுகிறது.

நோட்டில் கரைந்துபோன இடங்கள் ஏழு. சித்தப்பாவை உட்காரவைத்துக் கேட்டு மூன்றை எழுதி வாங்கிவிட்டேன். மிச்சம் நான்கும் நீ அப்பாவோடு போன பார்களாம். நினைவிருப்பதைப் பேருந்தில் வரும்போதே பென்சிலில் குறித்துக்கொண்டு வா.

உன் கூட்டுக்காரன்