படகைத் தூக்குவது காற்றன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பறக்கும் பாய்மரப் படகுகள் பற்றிய தங்கள் கட்டுரையில், காற்றே படகை நீரிலிருந்து தூக்குவதாக எழுதப்பட்டிருந்தது. பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றில் பல ஆண்டுகளாக மோத் என்னும், ஒருவர் மட்டும் ஓட்டும் சிறு பறக்கும் பாய்மரப் படகை ஓட்டுபவன் என்ற முறையில் இத்திருத்தத்தை எழுதுகிறேன்.

காற்று படகை உந்துகிறது. தூக்குவதோ, நீருக்கடியில் செல்லும் ஹைட்ரோஃபாயில் என்னும் சிறு இறக்கைகள். நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது என்பதாலும், வேகம் இருமடங்கானால் தூக்குவிசை நான்கு மடங்காகும் என்பதாலும், சிறிய இறக்கையே ஆளையும் படகையும் சேர்த்து உயர்த்திவிடுகிறது. அந்த நொடியில் அலையோசை சட்டென்று அடங்கிவிடும். அந்த அமைதிக்காகவே நான் மீண்டும் மீண்டும் செல்கிறேன்.

உயரத்தைக் காப்பது முகப்பில் நீரைத் தொட்டுவரும் ஒரு மெல்லிய கோல். படகு அதிகம் எழும்பினால் அது தாழ்ந்து, இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடிப்பைத் திருப்பித் தூக்குவிசையைக் குறைக்கும். மற்றப் படகுகளுக்கு மாறாக, மோத்தைக் காற்று வரும் பக்கமாகவே சாய்த்து ஓட்ட வேண்டும்; பழைய பழக்கத்தை மறக்க எனக்கு ஒரு கோடைக்காலமே பிடித்தது. இறக்கை நீர்மட்டத்துக்கு மேல் வந்து காற்றை உள்ளிழுத்துவிட்டால், தூக்குவிசை அற்று முகப்பு நீரில் குத்தும், ஓட்டுபவர் முன்னே வீசப்படுவார். எனவே தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அவசியம் என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்கலாம்.

புதியவர்கள், மோத்தைவிட எளிதாகக் கையாளத்தக்க வாஸ்ப் படகில் தொடங்குவது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெர்த், ஆஸ்திரேலியா