பணியிலிருக்கும் மகனுக்கு அப்பா எழுதுவது

ஜூலை 2020

அன்பு மகனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

மாவட்டம் விட்டு மாவட்டம் வருவதற்கு இ-பாஸ் வேண்டும் என்பதால் உன்னை நேரில் வந்து பார்க்க இயலவில்லை. அலைபேசியில் அழைத்தால் "சாப்பிட்டீர்களா, வெளியே போகாதீர்கள்" என்பதற்கு மேல் நீ பேசுவதில்லை. முன்பெல்லாம் நிலையத்தில் நடந்ததை அம்மா போதும் என்று சொல்லும் வரை விவரிப்பாய். ஜூன் மாதக் கடைசியிலிருந்து அது நின்றுவிட்டது. கேட்டால் பணிச்சுமை என்கிறாய். இருக்கலாம்.

மார்ச் 24ஆம் தேதி மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்த நாளிலிருந்து நீ சரியாக உறங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சென்னையில் மாம்பலம் காவல் ஆய்வாளர் தொற்றால் இறந்த செய்தி வந்த அன்று அம்மா சமைக்கவில்லை. வெயிலில் சாலையில் நிற்கும் காவலர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் மகனும் இப்படித்தான் நிற்கிறான் என்று கடைக்கு வருபவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்காதே. கபசுரக் குடிநீரை ஒரு வேளையும் தவறவிடாதே.

சாத்தான்குளத்தைப் பற்றி நாம் இருவரும் இதுவரை ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. நீ பேசுவாய் என்று நான் காத்திருந்தேன். நான் கேட்பேன் என்று நீயும் காத்திருந்தாயோ என்னவோ. ஜூன் 19 அன்று அந்த ஊர்க் கடைக்காரர் ஜெயராஜைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அப்பாவை என்ன செய்கிறார்கள் என்று பார்க்கப் பின்னாலேயே ஓடிய பென்னிக்ஸும் வீடு திரும்பவில்லை. 22ஆம் தேதி இரவு மகனும் 23ஆம் தேதி காலை தந்தையும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்தார்கள். அனுமதித்த நேரத்துக்கு மேல் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் தொடக்கத்தில் சொல்லப்பட்ட குற்றம்.

நானும் கடைக்காரன், தம்பி. ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, குழந்தைக்குப் பால் பவுடர் வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. உன் கல்லூரிக் கட்டணத்தில் அந்தப் பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தவர்களின் காசும் சேர்ந்திருக்கிறது. நாளை என்னை யாராவது ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனால் நீயும் பென்னிக்ஸைப் போலத்தான் ஓடி வருவாய். ஆனால் நீ சீருடையில் வருவாய், உனக்கு நாற்காலி போடுவார்கள். சீருடை இல்லாமல் தகப்பனைத் தேடி வரும் மகனை உன் நிலையத்தில் எப்படி நடத்துகிறீர்கள் என்பதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பயிற்சிக்குப் போகும்போது நீ பரணில் வைத்துவிட்டுப் போன புத்தகங்களை இந்த ஊரடங்கில் எடுத்துப் படித்தேன். டி.கே. பாசு வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொன்னவற்றைச் சிவப்பு மையால் நீயே அடிக்கோடிட்டிருக்கிறாய். கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் சாட்சியின் கையொப்பம் இருக்க வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும், உடலில் காயம் இருந்தால் பதிவு செய்ய வேண்டும், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, அவசியம் இல்லாதபோது விசாரணைக்கு வரச் சொல்லும் 41ஏ நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்ற 2014ஆம் ஆண்டின் அர்னேஷ் குமார் தீர்ப்புக்குப் பக்கத்தில் "முக்கியம்" என்று எழுதியிருக்கிறாய். அது தேர்வுக்கு மட்டும் முக்கியமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஊரடங்கை மீறியவருக்குச் சட்டம் என்ன தண்டனை வைத்திருக்கிறது என்றும் பார்த்தேன். பிளேக் நோய்க்காக ஆங்கிலேயர் கொண்டுவந்த 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவைத்தான் காட்டுகிறது. அதன்படி ஒரு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மனித உயிருக்கு ஆபத்து நேருமானால் ஆறு மாதமும் 1,000 ரூபாயும். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைச் சேர்த்துக்கொண்டாலும் பொதுவாக ஓராண்டு, உயிரிழப்பு வரை போனால் இரண்டாண்டு. எந்தப் பிரிவிலும் லத்தியால் அடிப்பது தண்டனையாக எழுதப்படவில்லை. நோய் பரவுகிறது என்பதற்காக உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவை யாரும் நிறுத்தி வைக்கவும் இல்லை.

நெரிசலில் தொற்று பரவும் என்பதால் சிறைகளில் கூட்டத்தைக் குறைக்கச் சொல்லி, சிறு குற்றங்களில் இருப்பவர்களை வெளியே விடுவது பற்றி முடிவெடுக்க மாநிலந்தோறும் உயர்நிலைக் குழு அமைக்குமாறு உச்ச நீதிமன்றம் மார்ச் 23ஆம் தேதியே உத்தரவிட்டிருந்தது. அதற்கு மூன்று மாதம் கழித்து, கடை நேரத்தில் தொடங்கிய ஒரு தகராறுக்காக அடிபட்ட இரண்டு பேரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளியிருந்த கிளைச் சிறைக்கு ஏற்றிச் சென்றார்கள். காவல் நிலையம், மருத்துவர், நீதித்துறை நடுவர், சிறை வாசல் என்று ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒருவர் நிறுத்தியிருக்கலாம். ஒரு காவலரின் தவறை அடுத்தவர் தடுப்பார் என்று நம்பித்தான் சட்டம் இத்தனை வாசல்களை வைத்திருக்கிறது; எல்லா வாசல்களும் திறந்தே கிடந்தன. இரவில் இதை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை.

லத்தியே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணாதே. ஏப்ரல் 19 அன்று சென்னையில் தொற்றால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கும்பல் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் இரத்தம் சிந்தினார்கள், உடன் பணியாற்றிய மருத்துவர் வேலங்காட்டில் தன் கையால் மண் தள்ளினார். கண்ணியமான அடக்கமும் 21ஆவது பிரிவில் அடங்கும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. தடுப்பவர்களுக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்தக் கும்பலுக்கு முன்னால் அரண் போல நிற்கத்தான் உனக்குச் சீருடை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் எனக்குக் கண்ணில் படுவது வேறு. காரில் வருபவரிடம் இ-பாஸ் எங்கே என்று கேட்கிறார்கள். தள்ளுவண்டிக்காரரிடம் எதுவும் கேட்பதற்கு முன்பே கை ஓங்குகிறது. அன்றன்று விற்றால்தான் அன்றைக்கு உலை கொதிக்கும் என்ற நிலையில் இருப்பவர்கள்தான் தெருவுக்கு வருகிறார்கள், அவர்கள்தான் அடியும் வாங்குகிறார்கள். சித்தப்பாவின் கால் எப்படிப் போனது என்பது உனக்குத் தெரியும். அதை மீண்டும் எழுதவில்லை.

உன் ஊர்ப் பக்கத்தில் எடுத்த காணொளி ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. காய்கறி வண்டிக்காரர் ஒருவர் இரு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். "நாலு போட்டால்தான் அடங்குவார்கள்" என்று சொல்லிக் கடைக்கு வந்த ஒருவர் எனக்குக் காட்டினார். நான் முழுவதும் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் காவலர் முகக்கவசம் அணிந்திருக்கிறார். அந்தப் பகுதியில் எத்தனையோ காவலர்கள் பணியில் இருப்பார்கள். உயரமானவர்களும் இருப்பார்கள், இடக்கையால் லத்தி பிடிப்பவர்களும் இருப்பார்கள். யார் என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. மார்ச் மாதத்தில் வண்டியில் போனவர்களைத் தோப்புக்கரணம் போட வைத்தபோதும் மக்கள் கைதட்டினார்கள். கைதட்டியவர் எவரும் வழக்கு வந்தால் கூட நிற்க மாட்டார்.

சாத்தான்குளத்தில் அந்த இரவில் பணியில் இருந்த தலைமைக் காவலர் பெண்மணியைப் பற்றி நீயும் படித்திருப்பாய். விடிய விடிய அடித்தார்கள், லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்தது என்று விசாரிக்க வந்த நடுவரிடம் அவர் சொன்னார். அதே நிலையத்தில், அதே சக காவலர்களுக்கு நடுவில், அச்சத்தோடுதான் சொன்னார். நிலையத்தையே வருவாய்த் துறையிடம் ஒப்படைக்கும் அளவுக்கு நிலைமை இருந்தபோது சொன்னார். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது. அவரும் உன்னைப் போலச் சம்பளத்தை நம்பி இருப்பவர்தான். அந்தச் செய்தியைப் படித்த அன்று, இவர் யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

மேலதிகாரி சொன்னார் என்பதற்காகக் கை ஓங்காதே. யாரை அழைத்து வந்தாலும் முதலில் அவர் வீட்டுக்குத் தகவல் சொல். காயம் இருந்தால், அது யார் கொடுத்த காயமாக இருந்தாலும், எழுது. பக்கத்து அறையில் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார். நீ செய்யாமல் இருப்பது போதாது, பார். இடமாற்றம் வரும் என்றால் வரட்டும்; வேலையே போகும் என்றாலும் கடையில் இன்னும் ஓர் ஆளுக்கு வேலை இருக்கிறது. உனக்குச் சொல்ல வேண்டியது எதுவாக இருந்தாலும், அது என்னால் தாங்க முடியாதது என்று நீ நினைத்தாலும், என்னிடம் சொல். வழக்கறிஞர் தேவைப்பட்டால் அதையும் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த வண்டிக்காரர் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்பது உன் நிலையத்துக்குத் தெரிந்திருக்கும், எனக்கும் தெரியப்படுத்து. மருந்துச் செலவுக்கு ஒரு தொகையை எடுத்து வைத்திருக்கிறேன்.

முகக்கவசத்தைக் கழற்றாதே. வெந்நீர் குடி. இந்தக் கடிதம் எழுதியது அம்மாவுக்குத் தெரியாது. பதிலை வீட்டுக்கு அனுப்பாமல் கடை முகவரிக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா