பழைய காத்தாடிய கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

தமிழ்நாடு மின்சாரத் துறையில காற்றாலைய பாத்துக்கிற அதிகாரிங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் ஆரல்வாய்மொழிக்காரன், முப்பந்தல் பக்கம் 22 வருசமா காத்தாடி மெயின்டனன்ஸ் வேலை (நீங்க காற்றாலைனு எழுதுவீங்க, எங்க வாயில காத்தாடிதான்). 2024-ல நீங்க போட்ட ரீபவரிங் பாலிசிய பையன் போன்ல படிச்சுக் காட்டினான், 20 வருசம் தாண்டின மெஷின கழட்டிட்டு பெருசா வைக்கலாம், இல்ல சரி பண்ணி ஆயுச நீட்டிக்கலாம்னு. நான் எதிர்க்கல சார். ஆரல்வாய்மொழி கணவாய்ல நல்லா காத்தடிக்கிற இடத்த எல்லாம் 225, 250 கிலோவாட் குட்டி மெஷினுங்க புடிச்சு வச்சிருக்கு, இப்ப வர்ற 3 மெகாவாட் மெஷின் ஒண்ணு அதுல பன்னெண்டுக்கு சமம், அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். ஆனா அந்தப் பெரிய மெஷின் நின்னா யாரு மேல ஏறி சரி பண்றதுனு பேச்சே இல்லயே?

1986-ல தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டுல சோதனைக்கு காத்தாடி வச்சப்போ இதெல்லாம் நமக்கு புதுசு. அப்புறம் 90-கள்ல வரிச்சலுகை வந்ததும் மில்லுக்காரங்க வரிசையா வச்சாங்க, நிறைய டென்மார்க் டிசைன்தான், காத்து சீசன்ல மெஷின் நின்னா ஸ்பேர் கப்பல்ல வர்ற வரைக்கும் எவன் காத்திருப்பான், கோயம்புத்தூருக்கு தூக்கிட்டு ஓடினாங்க, அங்க ஜெனரேட்டர் ரீவைண்டிங் (எரிஞ்ச காயில மறுபடி சுத்துறது) பண்ணாங்க, கியர் வெட்டிக் குடுத்தாங்க, இங்க எங்க ஊர் பசங்க கயித்துல தொங்கிக்கிட்டு பிளேடு விரிசல ஒட்டக் கத்துக்கிட்டாங்க. எந்த பாலிசியும் இதுக்குனு போடல, மெஷின் எங்க கைக்கு எட்டுச்சு, கத்துக்கிட்டோம், அவ்ளோதான்.

எனக்கு வேலை சொல்லிக்குடுத்த அண்ணன் ஸ்க்ரூடிரைவர் முனைய பேரிங் ஹவுசிங்ல (பேரிங்க மூடியிருக்கிற கூடு) வச்சு கைப்பிடிய காதுல அழுத்திப் புடிப்பார். "கேளுடே, மணல் அரைக்கிற மாதிரி சத்தம் வருதா, இது அடுத்த மாசம் தாங்காது"ம்பார். அவர் சொன்னா சொன்னதுதான்.

போன வருசம் ஆனி மாசம், நல்ல காத்து, ஒரு புது 2 மெகாவாட் மெஷின் நின்னுபோச்சு. ஸ்க்ரீன்ல ஒரு கோளாறு நம்பர், அதுக்கு மேல போக பாஸ்வேர்ட் கேக்குது, எங்களுக்கு அது கிடையாது, கம்பெனி ஆள் வெளி மாநிலத்துல இருந்து வரணும். நாலு நாள் அந்த பிளேட வேடிக்கை பாத்துக்கிட்டு கீழ உக்காந்திருந்தோம், பக்கத்துல 25 வருசக் கிழடு எல்லாம் ஜோரா சுத்துது. கடைசில பாத்தா ஒரு சென்சார் கனெக்டர் லூசு. வந்த கம்பெனி ஆள் கையால அமுக்கினார், ஓடிருச்சு.

2025 ஜூலைல மத்திய அரசு பிளேடு, டவர், கியர்பாக்ஸ், ஜெனரேட்டர் எல்லாம் அங்கீகரிச்ச லிஸ்ட்ல இருக்கிற கம்பெனிகிட்டதான் வாங்கணும்னு சொல்லிட்டாங்க, அது நல்லதே. சைனாவுலயும் 2005-ல இருந்து 2009 வரைக்கும் 70 சதவீதம் உள்ளூர் பாகம் இருக்கணும்னு ரூல் வச்சிருந்தான், அவன் இன்னிக்கு எங்க நிக்கிறான்னு உங்களுக்குத் தெரியும். ஆனா பாகம் இங்க செஞ்சாலும் பாஸ்வேர்ட்ங்கிற பூட்டு சாவி வேற எங்கயோ இருந்தா நாங்க போல்ட்டு முறுக்குற ஆளாவே இருப்போம், தொழில் நம்மது ஆகாது.

அதனால கேக்குறது இதான். ரீபவரிங்குக்கு அனுமதி குடுக்கும்போதே, வாரன்டி முடிஞ்சதும் மேனுவல், பாஸ்வேர்ட், பயிற்சி மூணும் ஓனர் கைக்கு வரணும்னு ஒரு வரி போட்டு வைங்க. கழட்டுற பழைய மெஷின்ல ஒண்ணு ரெண்ட காயலான் கடைக்கு விடாம நாகர்கோவில் ஐடிஐக்கு, பாலிடெக்னிக்குக்கு குடுங்க, பசங்க கியர்பாக்ஸ பிரிச்சுப் பாக்கட்டும். கயத்தாறுல தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தோட சோதனை நிலையமே இருக்கு, அங்க எங்கள மாதிரி பழைய ஆளுங்களுக்கு பெரிய மெஷின் பயிற்சி வைங்க, சான்றிதழ் குடுங்க. பத்தாவது பாஸான்னு மட்டும் கேக்காதீங்க, நம்மாளு பாதி பேர் அங்கயே அவுட்.

பதில் வைகாசிக்கு முன்னாடி வந்தா நல்லாருக்கும் சார், அதுக்கப்புறம் சீசன் ஆரம்பிச்சிரும், போன் அடிச்சாலும் காத்துல கேக்காது.

இப்படிக்கு,
ஆரல்வாய்மொழி காத்தாடிக்காரன் ஒருத்தன்