வாடகை வீட்டு ஆங்கிலம்: பாடத்தில் எது முதலில் வரவேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலம் பேசும் நாடுகளில் குடியேறும் பெரியவர்களுக்காக நடத்தப்படும் மொழி வகுப்புகளில் வீடு என்ற பாடம் தவறாமல் இடம்பெறுகிறது. படுக்கையறை, சமையலறை, அலமாரி, திரைச்சீலை என்று படத்தைக் காட்டிப் பெயர்களைச் சொல்லித்தருவதோடு அப்பாடம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அலமாரியின் ஆங்கிலப் பெயர் தெரியாததால் எவரும் வீட்டை இழந்ததில்லை. ஒப்பந்தத்தில் உள்ள ஒரு பத்தியைப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்திட்டு முன்பணத்தை இழந்தவர்கள் உண்டு. வீட்டைக் காலிசெய்யச் சொல்லி வந்த நோட்டீசை விளம்பரத் தாள் என்றெண்ணி ஓரமாக வைத்துவிட்டவர்களும் உண்டு. வயதுவந்தோருக்கு ஆங்கிலம் கற்பிப்பவன் என்ற முறையில், இப்பாடத்தின் உள்ளடக்கமும் அது கற்பிக்கப்படும் வரிசையும் மாறவேண்டும் என்று கருதி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் வரிசையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழிச் சட்டகம் கற்போரை ஆறு நிலைகளாகவும், கனடாவின் மொழி அளவுகோல் 12 நிலைகளாகவும் பிரிக்கின்றன. இவை இரண்டும் ஒருவர் மொழியைக் கொண்டு என்ன செய்யவல்லவர் என்பதையே அளக்கின்றன. ஆனால் நம் கைக்கு வரும் பாடநூல்கள் பலவும் இலக்கணத்தின் எளிமை, கடினம் ஆகியவற்றைப் பார்த்தே பாடங்களை அடுக்குவதால், ஒப்பந்தம் படிப்பது போன்றவை 'உயர்நிலைக்கு உரியவை' என்று பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. வாழ்க்கையோ இந்த வரிசைக்குக் காத்திருப்பதில்லை. புதிதாக வந்த ஒருவர் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது வந்திறங்கிய முதல் சில வாரங்களில், அதாவது அவருடைய ஆங்கிலம் மிகவும் நலிந்திருக்கும் காலத்தில். அவர் உயர்நிலை வகுப்பை எட்டும்போது அந்த ஒப்பந்தம் காலாவதியாகி, புதுப்பிக்கவும் பட்டிருக்கும்.

கற்போரின் வாழ்க்கையிலிருந்தே பாடம் தொடங்கவேண்டும் என்பது புதிய கருத்தன்று. பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரே 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் எழுத்தறியாத சுமார் 300 பேருக்குக் கற்பித்தபோது, அவர்களுடைய அன்றாடப் பேச்சில் புழங்கும் சொற்களையே எடுத்து, அவற்றின் அசைகளைப் பிரித்துக் காட்டி எழுத்தறிவு ஊட்டினார். நம்மருகே, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் ஆங்கிலம் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு நடத்திய பெங்களூருத் திட்டத்தில், மாணவர்களுக்கு ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து ஒரு வேலையைச் செய்துமுடிக்கச் சொன்னார்கள். கவனம் வேலையில் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவர் கொள்கை. பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவான அம்முறை, வீடு தேடும் பெரியவருக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். ஏனெனில் அவருக்கான வேலையை ஆசிரியர் கற்பனையாக உருவாக்கவேண்டியதே இல்லை.

வாடகை விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் முழு வாக்கியமே இருப்பதில்லை, சுருக்கெழுத்துகளும் எண்களும்தாம். ஆஸ்திரேலியாவில் வாடகையைப் பெரும்பாலும் வாரக் கணக்கில் சொல்கிறார்கள். பிரிட்டனில் மாதக் கணக்கிலும் சொல்வதுண்டு, வாரக் கணக்கிலும் சொல்வதுண்டு. வாரத்திற்கு 300 என்றால் மாதத்திற்கு 1,200 என்று நான்கால் பெருக்கிவிடுவது எல்லோரும் செய்வதே. ஆனால் ஆண்டுக்கு 52 வாரங்கள். 300-ஐ 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 1,300 வரும். மாதந்தோறும் 100 குறைவாகத் திட்டமிட்ட குடும்பம் ஆண்டு முழுவதும் திணறும். இந்தக் கணக்கு மொழிப்பாடத்தில் சேருமா என்று சிலர் கேட்பார்கள். வாடகையைக் கேட்டுத் தெரிந்துகொள்வதும், மின்சாரமும் தண்ணீரும் அதில் அடங்குமா என்று விசாரிப்பதும், கேட்டதை எழுதிச் சரிபார்ப்பதும் மொழி என்றால் இதுவும் மொழிதான்.

ஒப்பந்தத்தை முழுமையாகப் படித்துப் புரிந்துகொள்ளச் செய்வது தொடக்க நிலையில் இயலாது. அதற்கு முயல்வதும் வீண். ஆனால் பத்துப் பக்கத் தாளில் வாடகைத் தொகை எங்கே இருக்கிறது, எந்தத் தேதிக்குள் செலுத்தவேண்டும், முன்பணம் எவ்வளவு, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, காலிசெய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, பழுதுபார்ப்பது யார் பொறுப்பு என்று தேடிக் கண்டுபிடித்து விரல் வைக்கும் பயிற்சியை முதல் நிலையிலேயே தரமுடியும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், 2018 ஏப்ரல் 30 முதல் கையெழுத்தாகும் பெரும்பாலான தனியார் வீட்டு ஒப்பந்தங்களுக்கு எளிய நடையில் அமைந்த ஒரே படிவத்தைக் கட்டாயமாக்கியது. எல்லோர் கையிலும் ஒரே வடிவத் தாள் இருப்பது வகுப்பறைக்குக் கிடைத்த பெரும் வசதி. அப்படிப்பட்ட படிவம் இல்லாத இடங்களில் ஆசிரியரே பெயர், முகவரி நீக்கிய மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளலாம். இலக்கணம் என்று எதையாவது இங்கே அழுத்தவேண்டுமானால், 'மஸ்ட்', 'மே', 'அன்லெஸ்' ஆகிய மூன்றையும் அழுத்தினால் போதும். கடமை எது, அனுமதி எது, விதிவிலக்கு எது என்பதை ஒப்பந்த வாக்கியங்கள் இவற்றைக் கொண்டே பிரிக்கின்றன.

நான் மிகுந்த நேரம் செலவிடவேண்டும் என்று வற்புறுத்துவது, பழுதை எழுத்தில் தெரிவிக்கும் பயிற்சிக்காக. குழாய் ஒழுகினால் உரிமையாளரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருப்பதே நம்மவர் வழக்கம். நாளை தகராறு வந்தால் அந்தப் பேச்சுக்குச் சாட்சி இல்லை. என்ன பழுது, எந்த இடத்தில், எப்போதிலிருந்து, அதனால் என்ன பாதிப்பு, என்ன செய்யவேண்டும் என்ற ஐந்தையும் நான்கைந்து வரிகளில் தேதியிட்டு எழுதி, புகைப்படத்துடன் அனுப்பி, ஒரு நகலை வைத்துக்கொள்ளக் கற்பிக்கவேண்டும். பாடநூலில் செயற்கையாகத் தோன்றும் ஓர் இலக்கணம் இங்கேதான் உயிர்பெறுகிறது: 'தி ஹீட்டிங் ஹாஸ் நாட் வொர்க்ட் சின்ஸ் மண்டே' என்று எழுதும்போது, திங்கட்கிழமை முதல் இன்றுவரை குளிரில் இருக்கிறோம் என்பதை அந்த ஒரு வினைவடிவம் தாங்கிவிடுகிறது. தொனியையும் கவனிக்கவேண்டும். சிலர் கட்டளையிடுவதுபோல் எழுதுகிறார்கள்; அதைவிடப் பலர் தம் உரிமையையே உதவி கேட்பதுபோல் மன்னிப்புகளுடன் எழுதுகிறார்கள். எரிவாயு வாடை வந்தாலோ மின்கசிவு ஏற்பட்டாலோ கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது என்பதையும், முகவரியை எழுத்துக்கூட்டித் தெளிவாகச் சொல்வதையும் தனியே பழக்கவேண்டும்.

மொழி தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் ஆவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டில் நெடுநாள் படர்ந்திருந்த பூஞ்சையால் ஏற்பட்ட சுவாசக் கோளாறே காரணம் என்று 2022-இல் மரண விசாரணையில் முடிவானது. பெற்றோர் வாய்மூடி இருக்கவில்லை. திரும்பத் திரும்பப் புகார் செய்திருந்தார்கள். தவறு கேட்காதவர்களுடையது. ஈரம், பூஞ்சை பற்றிய புகார்களை உரிமையாளர் குறித்த காலத்துக்குள் கவனிக்கவேண்டும் என்னும், அக்குழந்தையின் பெயரால் அழைக்கப்படும் சட்டத்தின் முதற்கட்டம், சமூக வாடகை வீடுகளுக்கு (உள்ளாட்சிகளும் வீட்டுவசதிச் சங்கங்களும் குறைந்த வாடகைக்குத் தரும் வீடுகள்) 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பவரின் ஆங்கிலத்தைத் திருத்துவது உரிமையாளரின் கடமைக்கு ஈடாகாது என்பதை ஆசிரியர்களாகிய நாம் வகுப்பில் வெளிப்படையாகவே சொல்லவேண்டும். இல்லையேல், வீடு ஒழுகுவதற்குத் தம்முடைய உச்சரிப்பே காரணம் என்று மாணவர் நம்பிவிடுவார்.

ஆசிரியருக்கு ஓர் எல்லையும் உண்டு. நாம் வழக்கறிஞர்கள் அல்லர். விதிகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. இங்கிலாந்தில் உரிமையாளர் பெற்ற முன்பணத்தை 30 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட காப்புத் திட்டத்தில் சேர்க்கவேண்டும். ஒன்டாரியோவிலோ, சேதத்திற்கென்று முன்பணம் கேட்கவே அனுமதி இல்லை. கடைசி மாத வாடகையை முன்கூட்டி வாங்கலாம். ஓர் ஊரின் விதியை மற்றோர் ஊரின் மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தால் நன்மைக்குப் பதில் தீமையே விளையும். ஆகவே கேள்வியைக் கேட்கவும், அதை எந்த இலவச ஆலோசனை மையத்தில் கேட்பது என்று அறியவும் கற்பிப்பதோடு நின்றுகொள்வதே நல்லது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. 'உங்கள் வீட்டை விவரியுங்கள்' என்ற பயிற்சி ஏறத்தாழ எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கியிருப்பவரும், உறவினர் வீட்டுக் கூடத்தில் படுத்துறங்குபவரும் அந்த வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும். அவர்களை எழுப்பி நிறுத்தி அறைகளை எண்ணச் சொல்வது மரியாதை ஆகாது. கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கொடுத்து, அவர்களுக்கு வீடு தேடச் சொன்னால் போதும்.

தாய்மொழிக்கு வகுப்பில் இடமளிக்கவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒப்பந்தத்தின் கருத்தைத் தமிழில் பேசித் தெளிந்தபின் ஆங்கிலத்துக்குப் போனால் நேரம் மிச்சமாகும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையை நடுவில் நிறுத்தி மொழிபெயர்க்கச் செய்து பெற்றோர் கையெழுத்திடும் வழக்கமும் இதனால் குறையும். முன்பணத் தகராறைத் தந்தைக்கும் உரிமையாளருக்கும் இடையே நின்று சொல்லவேண்டிய பொறுப்பு பத்து வயதுப் பிள்ளைக்கு உரியதன்று.

தங்கள் நாளிதழ் வெளிநாடுகளிலும் படிக்கப்படுவதால், வாடகை ஒப்பந்தத்தின் வழக்கமான பகுதிகளையும் பழுது தெரிவிக்கும் மாதிரிக் கடிதம் ஒன்றையும் தமிழ் விளக்கத்துடன் வாரம் ஒரு பத்தியாக வெளியிட இயலுமா என்று கேட்டுக்கொள்கிறேன். வெட்டி வைத்து வகுப்பில் விநியோகிக்கும் அளவில் அது அமைந்தால், என்னைப் போன்ற ஆசிரியர்கள் மறுநாளே பயன்படுத்திக்கொள்வோம்.

இங்ஙனம்,
வயதுவந்தோருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர்